அனுப்புச் சீட்டு

விரகனூர் மதகுக்குக் கிழக்கே,
சுற்றுச்சாலைப் பாலத்தின் நிழல்
மூன்று மணிக்கு வந்து விழும் இடத்தில்
எங்கள் நாற்றங்கால்.
கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.
உப்பு என்றால் எங்களுக்கு ஊறுகாய்.

ஆவணியில் ஓர் ஆர்டர்:
அடம்பு மூவாயிரம்,
இராவணன் மீசை ஆயிரத்து இருநூறு.
மணல்மேடு கரைந்துபோன கரைக்கு என்றார்
போனில் கிளீட்டஸ்.
பின்னால் யாரோ ஓயாமல் தண்ணீரைக் கொட்டினார்கள்.
"குழாயை மூடச் சொல்லுங்க" என்றேன்.
"அது கடல்மா" என்றார்.

தாய்க்கொடி சாக்கில் வந்தது.
ஒவ்வோர் இலையும் ஆட்டுக்குளம்பு பதிந்த தடம் மாதிரி
நடுவில் பிளந்து.
எங்களுக்கு மல்லிக்கும் செவ்வந்திக்கும் பழகிய கை.
பஞ்சவர்ணமும் ஒச்சம்மாளும்
செம்மண் சலித்தார்கள், தொழுவுரம் கலந்தார்கள்,
காலையும் மாலையும் பூவாளி.
பன்னிரண்டாம் நாள்
எழுநூறு பைகள் அழுகி நாறின.
கொடுத்துக் கொடுத்தே கொன்றிருந்தோம்.

"மணல்" என்றார் கிளீட்டஸ்.
"வெறும் மணல். பட்டினி போடுங்க."

மணலுக்கு எங்கே போவேன்?
எதிரே வைகை கிடக்கிறது,
மணலைத் தவிர மற்றதெல்லாம் அதில் உண்டு:
சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, ஒரு டயர்,
கரைந்த பிள்ளையாரின் தும்பிக்கைக் கம்பி.
கடையில் விற்பது மலையை உடைத்த எம்-சாண்ட்,
இன்னும் கோபம் ஆறாத கல்.
இளவேர் அதில் இறங்க யோசிக்கும்.

கடைசியில் மணல் இருந்த இடம் தாலுகா ஆபீஸ்.
இரவில் பிடிபட்ட டிராக்டர்கள் வரிசையாய்த் துருவேற,
பின்பக்கம் வேப்பமரத்தடியில்
பறிமுதல் மணல், ஒரு சிறு குன்று.
மனு எழுதினேன். மூன்று முறை அலைந்தேன்.
நான்காம் முறை எழுத்தர் கேட்டார்,
"வீடு கட்டவா?"
"கரை கட்ட."
ஏற இறங்கப் பார்த்தார்.
பணம் கட்டச் சொல்லி ரசீது கிழித்தார்: அரை யூனிட்.

கொட்டும்போது அள்ளிப் பார்த்தேன்,
உள்ளங்கையில் ஒட்டாத மணல்.
வருசநாட்டில் பாறையாய் இருந்தது
எத்தனை வெள்ளத்தில் உருண்டு
இந்த வழவழப்புக்கு வந்ததோ.
நடுவழியில் திருட்டுப்போய்,
கேஸுக்குச் சாட்சியாக
இரண்டு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அதில் பிடித்தது அடம்பு.
இரண்டு நாளைக்கொரு தண்ணீர், அதுவும் வாய் நனைக்க.
ஒச்சம்மாளுக்கு மனசு கேட்காது.
யாரும் பார்க்காதபோது ஒரு செம்பு ஊற்றுவாள்.
அவள் வரிசை மட்டும் மஞ்சளாய் நின்று காட்டிக்கொடுத்தது.
இராவணன் மீசை
எங்கள் கையைக் குத்திக் குத்தியே வளர்ந்தது.

ஐப்பசிக்கு முன் வண்டி வந்தது.
சிக்கந்தர் அண்ணன் அனுப்புச் சீட்டை நீட்டினார்.
செடியின் பெயர், எண்ணிக்கை, வாடகை, கையொப்பம்.
மணலுக்குக் கட்டம் இல்லை.
எடை இரண்டு டன்னுக்கு மேல் அதுதான்.
எழுதினால் செக்போஸ்டில் நிறுத்துவார்கள்,
ரசீதைக் காட்ட வேண்டும், கதை சொல்ல வேண்டும்.
எழுதவில்லை.

வைகை கடலைப் பார்ப்பது அபூர்வம்.
பெரும்பாலும் இராமநாதபுரத்துக் கண்மாயோடு சரி.
அன்றிரவு அது
மானாமதுரை, பரமக்குடி என்று தார்ச்சாலையில் போனது,
நான்காயிரத்து இருநூறு கறுப்புப் பைகளில்,
முன்பின் தெரியாத வேர்களைக் கட்டிக்கொண்டு.

நூற்று நாற்பது செடி வள்ளம் இழுத்த தடத்தில் போயிற்று.
பையன்கள் ஸ்டம்ப் நட ஒரு பாத்தி.
புயல் சின்னம் ஒன்று வந்து, திரும்பி, எங்கோ போனது.
தையில் கிளீட்டஸ் ஒரு படம் அனுப்பினார்:
கொடிக்கு நடுவே ஒரு குச்சி,
அதில் கட்டிய சிவப்பு நூலை மூடி
காற்று கொண்டுவந்து நிறுத்திய மணல்.
"எவ்வளவு?"
"நாலு விரல்."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
எது எங்களுடையது, எது கடலுடையது என்று.
மணி மணியாகச் சிதறி, கடைசியில் கட்டம் கட்டமாக ஆனது.
பஞ்சவர்ணம் தோளுக்கு மேல் எட்டி,
"பூத்திருக்கு பாரு" என்றாள்.
பூத்துத்தான் இருந்தது.
கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று,
படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு.